மூழ்கிய ஊர்களின் மேல் ஒரு மீன் வேட்டை

மே மாதத்து விடியற்காலை. கிழக்கே இன்னும் வெளுப்புத் தட்டவில்லை. குளிர் எலும்பைத் துளைக்கிறது. கடலோ என்று மயங்கச் செய்யும் ஒரு பெரிய நீர்ப்பரப்பின் கரையில் மோட்டார் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்த மனிதர்கள் அவற்றில் ஏறுகிறார்கள். கையில் தூண்டில் கோல், காலடியில் வாளி, வாளிக்குள் துள்ளும் பொடி மீன்கள். யாரும் உரக்கப் பேசுவதில்லை.

லேசாகக் காற்று வீசி, தண்ணீரில் சிற்றலைகள் எழும்புகின்றன. கரையில் நிற்கும் கிழவர் ஒருவர் வானத்தையும் அலையையும் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். "இன்றைக்கு மீன் படும்" என்பது அதன் பொருள்.

அமெரிக்காவில் வட டக்கோட்டா ராஜ்யத்தில், மிஸௌரி நதியின் குறுக்கே எழுந்த காரிஸன் அணையின் நீர்த்தேக்கம் இது. சகாகவீயா ஏரி என்று பெயர். ஏரியின் நீளம் 178 மைல். மிக அகன்ற இடத்தில் அகலம் 14 மைல். கரையோரமாகவே சுற்றி வருவதானால் 1,300 மைலுக்கு மேல் நடக்க வேண்டும்!

இத்தனை பெரிய நீரில் இத்தனை பேரும் தேடி வந்திருப்பது ஒரே ஒரு மீனைத்தான். அதற்கு 'வால்-ஐ' என்று பெயர்.

பூ விழுந்த கண்

பெயரில் உள்ள 'வால்' நம்முடைய வால் அல்ல. 'ஐ' என்பது கண். வெளிறிப்போன கண், பூ விழுந்த கண் என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பழைய சொல் இது. பகலில் பார்த்தால் அந்த மீனின் கண் குருட்டுக் கண் போலவே தோன்றும். மங்கலாக, பால் படிந்தாற்போல இருக்கும். ஆனால் ஏமாறக் கூடாது. தண்ணீரில் அதைவிடக் கூர்மையாக இருட்டில் பார்க்கும் மீன்கள் மிகக் குறைவு.

பூனையின் கண் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கண்ணின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருப்பதே காரணம். உள்ளே புகுந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி, இன்னொரு முறை பார்வை நரம்புகளுக்கு ஊட்டுகிறது. அதே ஏற்பாடு வால்-ஐ மீனுக்கும் உண்டு. எனவே அந்தி மயங்கும் நேரமும், விடியற்காலையும், கலங்கிய நீரும் அதற்கு விருந்து நேரம். இரையாகிற பொடி மீன்களுக்குக் கண் தெரிவதில்லை; வேட்டையாடும் மீனுக்குத் தெரிகிறது. திருடனுக்கு மட்டும் கையில் விளக்கு இருப்பது போல!

உச்சி வெயிலில் அது ஆழத்துக்குப் போய்விடும். காற்று வீசி நீர் மட்டம் குலுங்கினால் வெளிச்சம் சிதறுகிறது. அப்போது மீண்டும் மேடான இடங்களுக்கு வருகிறது. கரையில் நின்ற கிழவர் அலையைப் பார்த்துத் தலையை ஆட்டியதன் ரகசியம் இதுதான்.

மேனி ஆலிவ் பச்சையும் பொன்னும் கலந்த நிறம். வயிறு வெளுப்பு. வாலின் அடி நுனியில் வெள்ளை மை தொட்டு வைத்தது போல ஓர் அடையாளம். வாய் நிறையக் கூரிய பற்கள். பிரெஞ்சு பேசும் கனடாக்காரர்கள் இதை 'டோரே' என்பார்கள். பொன் பூசியது என்று அர்த்தம். சதை வெண்மையாக, முள் அதிகம் இல்லாமல், பொரித்தால் இதழ் இதழாகப் பிரியும். பிடித்த மீனை ஏரிக்கரையிலேயே இரும்புச் சட்டியில் பொரித்துத் தின்பது அந்தப் பக்கத்து மக்களுக்குப் பரம்பரை வழக்கம். மினசோட்டா ராஜ்யம் 1965-ஆம் ஆண்டிலேயே இதைத் தன் ராஜ்ய மீனாக அறிவித்தது. காரிஸன் என்ற சிற்றூரில் 26 அடி நீளத்துக்கு இந்த மீனுக்குச் சிலையே எழுப்பியிருக்கிறார்கள்.

தூண்டில் சாஸ்திரம்

ஆற்றில் மீன் பிடிப்பது வேறு. பெரிய நீர்த்தேக்கத்தில் பிடிப்பது வேறு. ஆற்றில் மடு எங்கே, துறை எங்கே என்று ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். நூற்றுக்கணக்கான மைல் நீரில் மீன் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அனுபவசாலிகள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. தண்ணீருக்கு அடியில் உள்ள நிலத்தை நினைக்கிறார்கள். நீர்த்தேக்கம் என்பது மூழ்கிய பள்ளத்தாக்கு. அதற்குள் பழைய ஆற்றுப் படுகை இருக்கும். குன்றின் மூக்கு நீண்டிருக்கும். ஓடை வந்து சேர்ந்த இடம் இருக்கும். பழைய சாலையின் மேடும் இருக்கும். மேடு பள்ளமாக மாறும் அந்த ஓரங்களில்தான் மீன் நிற்கும். ஒலியை அனுப்பி, எதிரொலியால் ஆழத்தை அளக்கும் கருவி 1950-களின் இறுதியில் சாதாரணப் படகுகளுக்கும் வந்து சேர்ந்தது. அன்று முதல் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத தேசமாக இல்லை. இப்போதோ படகுக்கு முன்னால் நீந்தும் ஒவ்வொரு மீனையும் திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. "இது வேட்டையா, சினிமாவா?" என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள்.

இரையும் பருவத்துக்குப் பருவம் மாறும். வசந்தத்தில் பொடி மீன். கோடையில் அட்டையும் மண்புழுவும். 'ட' எழுத்தைப் போல வளைந்த ஒரு கம்பி, அதில் ஈயக் குண்டு, பின்னால் சுழலும் தகடு, அதற்கும் பின்னால் முள்ளில் கோத்த புழு. படகை ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஓட்டுவார்கள். கம்பி தரையைத் தட்டித் தட்டி வரும். புழு தரைக்குச் சற்று மேலே மிதந்து வரும்.

இன்னொரு முறையில் ஈயக் குண்டுக்கு நடுவே துளை இருக்கும். நூல் அதற்குள் தாராளமாக ஓடும். மீன் இரையைக் கவ்வி இழுக்கும்போது குண்டின் பாரம் அதற்குத் தெரியாது. தெரிந்தால் துப்பிவிடும்! வால்-ஐ அவ்வளவு சந்தேகப் பிராணி. அது கவ்வுவது வெட்டி இழுப்பது போல் இராது. நூலை யாரோ விரலால் ஒருமுறை தொட்டது போல இருக்கும். அந்தத் தொடுகையை அறிவதற்குச் சிலருக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்படுகிறது.

குளிர்காலத்திலும் இந்த வேட்டை ஓய்வதில்லை. ஏரி உறைந்து இரண்டு மூன்று அடி கனத்துக்குப் பனிக்கட்டி பாளமாகிவிடும். அதன் மேல் மோட்டார் காரையே ஓட்டிச் சென்று, துளை போட்டு, சிறு குடிசை வைத்து, உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டு தூண்டில் போடுகிறார்கள்.

ஒரு சங்கடமும் உண்டு. கோடையில் மிக ஆழத்திலிருந்து மீனை மேலே இழுத்தால், அதன் உடலுக்குள் உள்ள காற்றுப் பை அழுத்தம் குறைந்து ஊதிப்போகும். சிறியது என்று இரங்கி அதை நீரில் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. "ஆழத்தில் பிடித்தால் வீட்டுக்கு எடுத்துப் போ, விட வேண்டுமென்றால் ஆழமில்லாத இடத்தில் பிடி" என்று மீன்வளத் துறையினர் சொல்கிறார்கள்.

பெரிய மீன் என்றால் எவ்வளவு பெரியது? டென்னஸி ராஜ்யத்தில், ஓல்ட் ஹிக்கரி என்ற நீர்த்தேக்கத்தில், 1960 ஆகஸ்டில் மேப்ரி ஹார்ப்பர் என்பவர் பிடித்த மீன் 25 ராத்தல் என்று பதிவாயிற்று. அந்தச் சாதனை இன்னும் சர்வதேசப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் புகைப்படத்தையும் அளவையும் வைத்துக்கொண்டு, "அவ்வளவு இருக்க முடியாது" என்று 1996-இல் இன்னொரு சங்கம் தன் ஏட்டிலிருந்து அதை நீக்கிவிட்டது. மீனைத் திரும்ப நிறுத்துப் பார்க்க வழியில்லை. அது எப்போதோ சாப்பிடப்பட்டுவிட்டது!

ஜாடிக்குள் பிறக்கும் மீன்

பனிக்கட்டி உருகிய கையோடு, நீரின் உஷ்ணம் 5 முதல் 10 டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு வரும்போது வால்-ஐ சினை இடுகிறது. இரவு நேரத்தில், கூழாங்கல் நிறைந்த ஆழமற்ற கரைகளில். இரண்டு ராத்தல் எடையுள்ள பெண் மீன் சுமார் 50,000 முட்டைகள் இடும். இட்டதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. அலை ஒதுக்கியவை, சேற்றில் புதைந்தவை, மற்ற மீன்கள் விழுங்கியவை போக, பிழைப்பவை மிகச் சில.

ஆகவே மனிதர் குறுக்கிடுகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் ராஜ்ய மீன்வளத் துறையினர் ஏரியின் வான் ஹூக் என்ற கிளைக்கு வந்து வலைப் பொறி வைக்கிறார்கள். பிடிபட்ட பெண் மீனின் வயிற்றைக் கையால் மெல்ல வருடினால் சினை ஒரு பாத்திரத்தில் வழிகிறது. ஆண் மீனின் விந்தையும் அதில் கலந்து, முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க நுண்ணிய களிமண் கரைசலையும் சேர்க்கிறார்கள். பறவை இறகால் கிளறுவதும் உண்டு. வேலை முடிந்ததும் மீன்களை உயிரோடு ஏரியில் விட்டுவிடுகிறார்கள்.

முட்டைகள் அணைக்குக் கீழே உள்ள மத்திய சர்க்காரின் மீன் பண்ணைக்குப் போகின்றன. அங்கே கண்ணாடி ஜாடிகளில், அடியிலிருந்து மேலே ஊறிவரும் நீரில் அவை இரவும் பகலும் புரண்டுகொண்டிருக்கும். ஒரு லிட்டரில் லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள்! இரண்டு மூன்று வாரங்களில், கண் மட்டும் தெரியும் கண்ணாடி இழை போன்ற குஞ்சுகள் வெளிவருகின்றன. குளங்களில் ஒரு மாதம் வளர்த்து, விரலில் பாதி நீளம் ஆனதும் லாரிகளில் ஏற்றி ராஜ்யமெங்கும் உள்ள ஏரிகளில் விடுகிறார்கள். சில ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டுகிறது.

குஞ்சுகளைச் சமயத்தில் வெளியேற்றாவிட்டால் அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும் என்பதும் ஒரு விசேஷம்.

கோர்ட்டுக்குப் போன மீன் முட்டை

அணை கட்டினால் ஏரி உண்டாகிவிடும். ஆனால் ஏரிக்கு வேண்டிய சமையற்கட்டு தானாக உண்டாவதில்லை. ஆற்று மீன்கள் ஆழமான குளிர்ந்த நீருக்குப் பழகியவை அல்ல. வால்-ஐ மீனுக்கு இரை போதவில்லை. எனவே 1971-இல் 'ஸ்மெல்ட்' என்ற சிறு வெள்ளி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அட்லாண்டிக் கடற்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட மீன் அது. குளிர்ந்த ஆழத்தில் கூட்டம் கூட்டமாகப் பெருகிற்று. வால்-ஐ மீன்கள் கொழுத்தன. ஊர்களில் படகுக் கடைகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. அணையைத் தாண்டி வழிந்த ஸ்மெல்ட், கீழே தெற்கு டக்கோட்டாவில் உள்ள ஓயாஹி நீர்த்தேக்கத்திலும் குடியேறிவிட்டது.

வரவழைத்த விருந்தாளிக்கு ஒரு பலவீனம். அதுவும் வசந்தத்தில் கரையோர ஆழமற்ற நீரில்தான் முட்டை இடும். அந்தச் சில வாரங்களில் நீர் மட்டம் இறங்கினால் முட்டைகள் கரையில் காய்ந்து போகும். அணையின் மதகைத் திறப்பதோ ராணுவ இன்ஜினீயரிங் படையின் கையில். கீழே உள்ள ராஜ்யங்களில் சரக்குப் படகுகள் ஓட நீர் வேண்டும். மேலே உள்ள ராஜ்யங்களில் மீனுக்கு நீர் வேண்டும்.

வறட்சி வந்த 2002-ஆம் ஆண்டில் இந்தச் சண்டை கோர்ட்டு ஏறிற்று. ஸ்மெல்ட் முட்டைகளைக் காப்பாற்ற நீரை இறக்கக் கூடாது என்று மேல் ராஜ்யங்கள் தடையுத்தரவு வாங்கின. கப்பல் போக்குவரத்துக்கு நீரை விட்டே தீர வேண்டும் என்று நெப்ராஸ்கா எதிர் உத்தரவு வாங்கிற்று. மறு ஆண்டில் அப்பீல் கோர்ட்டு மேல் ராஜ்யங்களின் தடையுத்தரவுகளை ரத்து செய்தது. கண்ணுக்குத் தெரியாத முட்டைக்காக ராஜ்யமும் ராஜ்யமும் வழக்காடிய கதை இது.

பிறகு 2011-இல் நேர் எதிரான ஆபத்து. மிஸௌரியில் வரலாறு காணாத வெள்ளம். காரிஸன் அணையின் உபரிநீர் மதகுகள் கட்டப்பட்ட நாளிலிருந்து முதன்முறையாக வெள்ளத்துக்காகத் திறக்கப்பட்டன. கீழே ஓயாஹியில் ஸ்மெல்ட் கூட்டங்கள் நீரோடு நீராக அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த கோடையில் அங்கே தூண்டில் போட்டவர்கள் ஏராளமான வால்-ஐ பிடித்தார்கள். ஆனால் எல்லாம் தலை பெருத்து உடல் மெலிந்த பட்டினி மீன்கள்.

கண்ணீர் விட்ட தலைவர்

வான் ஹூக் கிளை என்று மேலே சொன்னோம். மீன் பிடிப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே கண் மலர்வார்கள். ஏரி 14 மைல் அகலம் விரிவது அங்கேதான். ஆனால் வான் ஹூக் என்பது ஒரு காலத்தில் ஏரியின் பெயர் அல்ல. ஓர் ஊரின் பெயர்.

1943-இல் மிஸௌரி பெருக்கெடுத்துக் கீழ்நாட்டு நகரங்களை மூழ்கடித்தது. மறு ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் வெள்ளத் தடுப்புச் சட்டம் செய்தது. 1947-இல் காரிஸனில் வேலை ஆரம்பம். 210 அடி உயரம், இரண்டு மைலுக்கு மேல் நீளம் கொண்ட மண் அணை எழுந்தது. 1953 ஜூன் 11-ந் தேதி ஜனாதிபதி ஐஸன்ஹோவரே அங்கு வந்து விழாவில் கலந்துகொண்டார். மின்சாரம், வெள்ளத் தடுப்பு, நதிப் போக்குவரத்து எல்லாம் கிடைத்தன.

ஆனால் நீர் பரவிய பள்ளத்தாக்கு காலி நிலம் அல்ல. மாண்டன், ஹிடாட்ஸா, அரிக்கரா என்ற மூன்று ஆதிக்குடிகளின் போர்ட் பெர்தோல்ட் நிலம் அது. ஆற்றோர வண்டல் மண்ணில் சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். அணைக்காக அவர்களிடமிருந்து போன நிலம் 1,52,360 ஏக்கர். பயிர் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதில் அடக்கம். 325 குடும்பங்கள், அதாவது அந்த மக்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர், வீடுவாசலை விட்டு மேட்டு நிலத்துக்குப் போனார்கள். காற்று வீசும் வறண்ட மேடு அது. பழைய மண் அல்ல.

1948 மே 20-ந் தேதி வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்று எடுத்த புகைப்படம் ஒன்று உலகமறிந்தது. உள்நாட்டு இலாகா மந்திரி குரூக் பேனாவை எடுத்துக் கையெழுத்திடுகிறார். சுற்றிலும் கோட்டு அணிந்த அதிகாரிகள். அவர்களுக்கிடையே மூன்று குடிகளின் சபைத் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார்.

எல்போவுட்ஸ் என்ற ஊர் அவர்களுக்குத் தலைநகர் போன்றது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் அங்கேதான். அது மூழ்கிற்று. வெள்ளையர் குடியிருந்த ஸானிஷ், வான் ஹூக் ஆகிய ஊர்களும் இடம் பெயர்ந்தன. எல்லோருக்கும் பொதுவாக மேட்டில் எழுந்த ஊருக்குப் புதுப் பெயர்கூடத் தேடவில்லை. 'நியூ டவுன்', அதாவது புதிய ஊர் என்றே வைத்தார்கள். மூழ்கிய ஆஸ்பத்திரிக்கு ஈடாக எல்போவுட்ஸ் பெயரிலேயே ஒரு வைத்திய நிலையம் நியூ டவுனில் திறக்கப்பட்டது 2011-இல்! நஷ்ட ஈடு போதாது என்று ஒப்புக்கொண்டு, காங்கிரஸ் 14 கோடியே 92 லட்சம் டாலர் நிதி ஒதுக்கியது 1992-இல். கண்ணீர் விட்டவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஏரிக்கு வைத்த பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. சகாகவீயா என்பவர் ஹிடாட்ஸா மக்களிடையே வாழ்ந்த இளம் பெண். 1805-இல் லூயிஸ், கிளார்க் ஆகிய இருவரின் பிரயாணக் குழு மேற்குக் கடலை நோக்கிப் போனபோது, கைக்குழந்தையோடு கூடவே சென்று உதவியவர். அந்த மக்களின் வயல்களை மூழ்கடித்த நீருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நீர் வற்றினால்...

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1837-இல் அம்மை நோய் கொள்ளை கொண்டு போனபின், எஞ்சிய மாண்டன், ஹிடாட்ஸா மக்கள் 1845-ஐ ஒட்டி மிஸௌரிக் கரையில் ஒரு புதுக் கிராமம் அமைத்தார்கள். பிறகு அரிக்கரா மக்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று குடிகளும் ஒன்றானது அங்கேதான். ஆறு அந்த இடத்தில் கொக்கி போல வளைந்து ஓடியதால் அந்தக் கிராமத்துக்கு ஒரு பெயர் ஏற்பட்டது: 'தூண்டில் முள்ளைப் போன்றது.' நீர் ஏறுவதற்கு முன் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் அவசரம் அவசரமாகத் தோண்டிப் பார்த்தார்கள். பின்னர் அதுவும் மூழ்கிவிட்டது.

2000-க்குப் பிந்தைய நீண்ட வறட்சியில் ஏரி இறங்கிக்கொண்டே வந்து, 2005-இல் என்றும் இல்லாத தாழ்வை எட்டிற்று. படகுத் துறைகள் தண்ணீரிலிருந்து வெகு தூரத்தில் சேற்றில் நின்றன. ஸ்மெல்ட் குறைந்தது, வால்-ஐ மெலிந்தது. மீன் பிடிப்பவர்களுக்கு அது கெட்ட காலம். ஆனால் அதே காலத்தில் ஸானிஷ் ஊரின் வீட்டு அஸ்திவாரங்கள் வெளியே தலைகாட்டின. பழைய தெரு இன்னதென்று தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஊர் வெயில் கண்டது.

ஒருவருக்கு வறட்சி, இன்னொருவருக்குப் பிறந்த வீட்டு வாசற்படி.

பிறகு மழை பெய்தது, மலைப் பனி உருகிற்று, ஏரி நிரம்பிற்று, படகுகள் திரும்பி வந்தன. இன்றும் மே மாதத்து விடியற்காலையில் தூண்டில்காரர் படகை மெதுவாக ஓட்டிச் செல்கிறார். ஆழம் காட்டும் கருவியில் தட்டையாக வந்துகொண்டிருந்த கோடு திடீரென்று சற்று உயர்ந்து மறுபடி தாழ்கிறது. அடியில் ஏதோ ஒரு மேடு. பழைய சாலையாக இருக்கலாம். ஒரு வீட்டின் அடித்தளமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில்தான் வால்-ஐ நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூண்டிலை இறக்குகிறார்.